பனையோலைப் பெட்டிப் பின்னலை குவில்ட் பிளாக் ஆக்குவது எப்படி? சொந்தமா டிசைன் போடுகிறவர்கள் வாங்க

பாளைமகள்

எல்லாருக்கும் வணக்கம். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் குவில்ட், அதன் மேல்பக்கத்துக்குத் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்து அடுக்குகிற சதுரம் பிளாக். நைன் பேட்ச், லாக் கேபின், ஃபிளையிங் கீஸ் என்று வழக்கமான பிளாக் எல்லாம் அளவு பார்த்துத் தைத்துப் பழகியாச்சு. இனி அடுத்தவர் வரைந்ததையே தைத்துக்கொண்டிருக்க மனசில்லை, நம்ம ஊர்ப் பொருள் ஒன்றிலிருந்து சொந்தமாக ஒரு பிளாக் வரைய வேண்டும். ஆச்சி வீட்டில் கருப்பட்டி போட்டு வைக்கிற ஓலைப்பெட்டி ஒன்று இருக்கிறது. வெளிறிய ஓலை, நடுநடுவே ரோஸும் பச்சையும் சாயம் ஏற்றிய ஓலை. அந்தப் பின்னல்தான் வேண்டும் எனக்கு.

பிரச்சினை என்னவென்றால், கிராஃப் தாளில் வரைந்தால் வெறும் இரண்டு நிறச் சதுரங்கள் மாறி மாறி வருகின்றன. ஓலை மேலே ஏறிக் கீழே இறங்குகிற தோற்றம் வரவே இல்லை. எங்கே மாற்ற வேண்டும்? ஒற்றைக் கட்டில் அளவுக்குத் தைக்கப் போகிறேன், பாளையங்கோட்டை வெயிலுக்கு ஏற்ற மாதிரி கனமில்லாமல் வேண்டும், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

தேரிக்காடு

நான் உடன்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மையும் பெட்டி முடைவார்கள், மணப்பாட்டில் ஓலைப்பெட்டி வேலை இன்றைக்கும் நடக்கிறது, போனால் பார்க்கலாம். நீங்கள் பெட்டியின் படத்தை வரைகிறீர்கள் அக்கா, முடைகிற முறையை வரையவில்லை. ஒரு ஓலையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். கொஞ்ச தூரம் மேலே தெரியும், குறுக்கே வரும் ஓலைக்கு அடியில் மறையும், மறுபடி மேலே வரும். ஓலைகளை இடுக்கே இல்லாமல் ஒட்ட ஒட்ட வரைந்தால் மேலே தெரிகிற நீளமும் ஓலையின் அகலமும் ஒன்றாகிவிடும், அதனால்தான் சதுரம் மட்டும் மிஞ்சுகிறது. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில் சந்து விட்டு வரையுங்கள். பெட்டியில் அந்தச் சந்து மெல்லிய நிழலாகத்தான் தெரியும். துணியில் அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினால்தான் ஓலை நீளவாக்கில் தெரியும்.

சாரல் வாத்தியார்

தேரிக்காடு தம்பி சொன்னதுதான் விஷயம். நான் செங்கோட்டை, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டம்மா தைப்பதற்கு அளவு போட்டுக் கொடுப்பது என் வேலை. இதை ஆசையாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

ஓலையின் அகலம் 2 கட்டம், சந்து 1 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓலை மேலே தெரிகிற நீளம் 4 கட்டம் வரும், மறைகிற இடம் 2 கட்டம். ஆக 6 கட்டத்துக்கு ஒருமுறை டிசைன் திரும்பி வருகிறது. உங்கள் பிளாக் 6க்கு 6 கட்டம்.

இதை அப்படியே தைக்கப் போனால் நேர்த்தையல் எங்கேயும் முழுசாக ஓடாது, ஒவ்வொரு சந்தையும் நான்கு ஓலைகள் சுற்றி வளைத்து நிற்கும். அதனால் பிளாக்கை 3க்கு 3 ஆக நான்கு கட்டுகளாகப் பிரியுங்கள். இரண்டே வகைதான்.

நெட்டுக் கட்டு: இடப்பக்கம் 2 அகலம் 3 உயரத்தில் நெட்டோலை. வலப்பக்கம் 1 அகலத்தில், மேலே 2 உயரத்துக்குக் குறுக்கோலை, அடியில் 1க்கு 1 சந்து.

குறுக்குக் கட்டு: மேலே 3 அகலம் 2 உயரத்தில் குறுக்கோலை. கீழே 1 உயரத்தில், இடது புறம் 2 அகலத்துக்கு நெட்டோலை, வலது மூலையில் சந்து.

மேல்வரிசையில் நெட்டு, குறுக்கு. கீழ்வரிசையில் குறுக்கு, நெட்டு. அவ்வளவுதான், எல்லாம் நேர்த்தையல். 4 கட்ட ஓலையில் 3 ஒரு கட்டிலிருந்தும் 1 பக்கத்துக் கட்டிலிருந்தும் வந்து சேரும், நடுவில் ஒரு தையல்கோடு விழும். ஒரே துணியாக இருந்தால் அது கண்ணுக்கு உறுத்தாது. நாலைந்து பிளாக்கைத் தாளில் வரைந்து வெட்டி அடுக்கிப் பாருங்கள், தனி பிளாக்கில் பாதி தெரிந்த ஓலை அடுத்த பிளாக்கில் போய் முடியும். ஒரு டிசைன் நல்லதா இல்லையா என்பது நான்கு பிளாக் சேர்ந்த பிறகுதான் தெரியும் என்று எனக்கு உறுதியான எண்ணம், ஒற்றை பிளாக்கைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

பாளைமகள்

சார்!! வரைந்து பார்த்துவிட்டேன், ஓலை எழுந்து நிற்கிறது. ரொம்ப ரொம்ப நன்றி. ஒரு கட்டத்துக்கு எத்தனை இஞ்ச் வைக்கலாம்?

அம்பை டெய்லர்

தங்கச்சி, கட்டத்துக்கு ஒன்றரை இஞ்ச் வையுங்கள். பிளாக் தைத்து முடிந்ததும் 9 இஞ்ச் நிற்கும். 1 இஞ்ச் வைத்தால் சந்துத் துண்டு மிகவும் சின்னதாகிப் பின்பக்கம் தையல் மடிப்பே மேடு தட்டிவிடும்.

சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டு அளவு சொல்கிறேன். பெரிய ஓலைத் துண்டு 3½ க்கு 5. சின்ன ஓலைத் துண்டு 3½ க்கு 2. சந்து 2 க்கு 2. நெட்டோலைக்கும் குறுக்கோலைக்கும் அளவு ஒன்றுதான், நிறம்தான் வேறு. சின்னத் துண்டையும் சந்தையும் ஒவ்வொன்றாக வெட்டித் தைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஓலைத் துணியில் 3½ இஞ்ச் அகலப் பட்டை, சந்துத் துணியில் 2 இஞ்ச் அகலப் பட்டை, இரண்டையும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் 2 இஞ்ச் 2 இஞ்ச்சாகக் குறுக்கே வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 5 இஞ்ச் நீளம் வரும், பெரிய துண்டின் 5 இஞ்ச் பக்கத்தோடு சரியாகப் பொருந்தும். இந்த முறையில் சதுரம் கோணாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

கால் இஞ்ச் என்று சொன்னேனே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. ரவிக்கை தைக்கிற பழக்கத்தில் தையலுக்கு அரை இஞ்ச் விட்டுவிடாதீர்கள். மிஷினில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். 1½ இஞ்ச் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து மொத்த அகலத்தை அளங்கள், 3½ இருந்தால் உங்கள் கால் இஞ்ச் சரி. குறைந்தால் டேப்பைக் கொஞ்சம் ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். மடிப்பில் துணி வளைகிற கனம் கொஞ்சம் இழுக்கும், அதனால் நூலிழை அளவு கம்மியாகப் பிடித்துத் தைப்பதுதான் சரியாக வரும்.

கடையநல்லூர்க்காரி

எங்கள் வீட்டில் லுங்கித் தறி ஓடிய காலம் உண்டு, அதனால் துணி பற்றி மட்டும் சொல்கிறேன். ஓலைக்குக் கோடு போட்ட துணி எடுங்கள் அக்கா, கட்டம் போட்டது வேண்டாம். கட்டம் உங்கள் பின்னலோடு சண்டை போடும், கோடு ஓலையின் நரம்பு மாதிரி அமையும். கோடு ஓலை போகிற திசையிலேயே ஓட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

டெய்லர் அண்ணாச்சி அளவை வைத்து நான் மடித்துப் பார்த்தேன், அதில் ஒரு அழகு இருக்கிறது. 3½ இஞ்ச் பட்டையைக் கோட்டு வாக்கிலேயே நீளமாக வெட்டிக்கொண்டால் போதும், 5 இஞ்ச் துண்டிலும் சரி 2 இஞ்ச் துண்டிலும் சரி, கோடு தானாகவே ஓலை திசையில் வந்து விழுகிறது. துண்டு துண்டாகத் திருப்பிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

தேரிக்காடு

கோடு போட்ட துணி யோசனை அருமை. குருத்தோலையில் அந்த நரம்புதான் அழகே.

பாளைமகள்

கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுக்கிற ரவிக்கைத் துணி பீரோ நிறையக் கிடக்கிறது. சந்துக்கு அதைப் பயன்படுத்தலாமா? நல்ல அடர் மெரூன், கரும்பச்சை எல்லாம் இருக்கிறது. சாயம் போகுமோ என்று பயம், கல் உப்பில் ஊற வைத்தால் நிற்கும் என்கிறார்களே?

கடையநல்லூர்க்காரி

உப்பு நிறுத்தாது. சாயம் ஏற்றுகிற நேரத்தில் சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, நூலுக்குள் சாயத்தைத் தள்ளிவிடும். ஏறி முடிந்த துணியை வீட்டு வாளியில் உப்புப் போட்டு ஊற வைப்பதால் ஒட்டாத சாயம் ஒட்டிக்கொள்ளாது. தனித்தனியாக அலசுங்கள், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அப்புறம் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தி வையுங்கள். வெள்ளையில் கறை பிடித்தால் அந்தத் துணியை இந்த குவில்ட்டில் சேர்க்காதீர்கள், வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய ஓலை நிறத்துக்குப் பக்கத்தில் மெரூன் கசிந்தால் மொத்த உழைப்பும் போச்சு.

அம்பை டெய்லர்

இன்னொன்று. தாம்பூலத் துணியில் பாதிக்கு மேல் கலப்புத் துணிதான் என் கைக்கு வருகிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டியாக உருண்டை பிடித்தால் பாலியெஸ்டர் இருக்கிறது. பருத்தியோடு அதைச் சேர்த்தால் பருத்திக்கு வேண்டிய இஸ்திரிச் சூட்டில் அது சுருங்கிப் பளபளக்கும், துவைத்த பிறகு ஒன்று சுருங்க ஒன்று சுருங்காமல் பிளாக் இழுத்துக்கொண்டு நிற்கும். எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

வள்ளியூர் கைத்தையல்

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அந்த நடுத்தையல் பிடிக்கவில்லை. ஓலை என்றால் முழுசாக, 4 கட்டமும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். 3½ க்கு 6½ என்று வெட்டி, சந்துச் சதுரத்தோடு முதல் ஓலையைப் பாதிவரை மட்டும் தைத்து விட்டுவிட்டு, சுற்றி மற்ற மூன்றையும் தைத்துக்கொண்டு வந்து கடைசியில் விட்ட பாதியை முடிக்கலாம். மிஷினில் இது தொல்லை, கையால் தைத்தால் கஷ்டமே இல்லை. நாங்கள் இடையன்குடிக்குப் பக்கம், கால்டுவெல் ஐயர் மனைவி எலைசா அம்மா லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்த ஊர். அந்த லேசுக்கும் முதலில் அட்டையில் புள்ளி குத்தித்தான் டிசைன் எடுப்பார்கள். நிதானமாகக் கையால் செய்கிற வேலைக்கு இங்கே மதிப்பு உண்டு.

சாரல் வாத்தியார்

கோபம் எதற்கு அம்மா, முழு ஓலை நிச்சயம் அழகுதான். ஒன்றை மட்டும் யோசியுங்கள். அப்படித் தைத்தால் பிளாக் என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு ஓலையின் முனையும் அடுத்த சந்தைத் தொடுகிறது, எங்கேயும் வெட்டிப் பிரிக்க இடமில்லை. மொத்தப் போர்வையும் ஒரே விரிப்பாக மடியில் வளர வேண்டும். தலையணை உறைக்குத் தாங்கும். கட்டில் அளவுக்கு வருகிறபோது பாதித் தையல்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும்.

வள்ளியூர் கைத்தையல்

வளரட்டுமே ஐயா. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்திப் போர்வை அப்படித்தான். பிளாக் கிடையாது, ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள், துண்டை மடித்து வைத்து அடியில் இருக்கிற பழைய சேலையோடு சேர்த்தே ஓட்டுத் தையல் போடுவார்கள். பிளாக் தைத்து, சேர்த்து, பிறகு அடுக்குகளோடு ஓட்டுத் தையல் போட்டு குவில்ட் செய்வது ஒரு வழி, அவ்வளவுதான். ஆனாலும் பாளைமகள் மிஷினில் தைக்கப் போகிறாள் என்றால் உங்கள் முறைதான் சரி என்று ஒத்துக்கொள்கிறேன். நான் முழு ஓலையில் ஒரு தலையணை உறை தைத்துப் படம் போடுகிறேன்.

மேலப்பாளையம் பிட்டுத்துணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு மெனக்கெட்டு வரைகிற டிசைன் ஏற்கெனவே எங்கோ ஒருவர் போட்டதாக இருந்தால்? பின்னல் மாதிரி குவில்ட்டுகள் வெளிநாட்டுப் பக்கங்களில் பார்த்திருக்கிறேன். பேசாமல் கோலத்தை எடுத்தால் அது நம்முடையது என்று யாரும் மறுக்க முடியாதே. பத்தமடைப் பாய் கூட இருக்கிறது.

சாரல் வாத்தியார்

நேர்கோட்டையும் சதுரத்தையும் வைத்து விளையாடினால் முன்பே ஒருவர் போட்டது வராமல் இருக்கவே இருக்காது. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற ஒரே ஒரு செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை குவில்ட் பிளாக் டிசைன்களை வெளியிட்டு வந்தது, அது மட்டுமே ஆயிரத்துக்கு மேல். வாசகிகள் அனுப்பியவையும் அதில் உண்டு. அந்தப் பெண்களும் வாசலில், வயலில், அடுப்படியில் கண்டதைத்தான் வரைந்தார்கள். பாளைமகள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓலையைப் பின்தொடர்ந்து போட்டது அவளுடைய டிசைன்தான். யாரோ ஒருவருடைய பேட்டர்னை அப்படியே எடுத்துத் தன் பெயரில் விற்றால்தான் தப்பு.

கோலம் பற்றி. படிக்கோலம் நேர்கோடு, அதைத் தாராளமாக பிளாக் ஆக்கலாம், மூலைவிட்டக் கோடுகளுக்கு முக்கோணம் தைக்கத் தெரிந்தால் போதும். சதுரம் இரண்டைச் சேர்த்து மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, நடுவே வெட்டி முக்கோணம் எடுக்கும்போது, தைத்து முடிந்தபின் நிற்க வேண்டிய அளவோடு ⅞ இஞ்ச் கூட்டி வெட்டுங்கள், அல்லது 1 இஞ்ச் கூட்டி வெட்டிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். சிக்குக் கோலம் துண்டு சேர்க்கிற வேலைக்குள் வராது. கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்கு மூலைவாக்கில், வெட்டிய நாடாவை வளைத்து மேலே வைத்துத் தைக்க வேண்டும், அது தனி வித்தை.

தேரிக்காடு

பத்தமடைப் பாயில் பாவு, அதாவது நீளவாக்கு இழை, பருத்தி நூல்; குறுக்கே போகிற ஊடைதான் கோரை. கோரையை மெலிசாகக் கிழித்துப் போடுவதால் பின்னல் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, வழவழப்பும் ஓரத்து வண்ணப் பட்டையும்தான் தெரியும். பிளாக்குக்கு அதில் பிடி கிடையாது. ஆனால் அக்கா பார்டர் வைப்பதாக இருந்தால் அந்தப் பட்டைகளின் வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

என் ஆசை வேறு ஒன்று. பெட்டியின் பக்கச்சுவரில் ஓலை சாய்ந்துதானே போகும்? பிளாக்கை மூலைவாக்கில் திருப்பி அடுக்கினால் அசல் பெட்டியே வந்துவிடும்.

அம்பை டெய்லர்

தம்பி சொல்வது பார்க்க அழகுதான், ஓரத்தில் இடறும். பிளாக்கைப் பாதியாக வெட்டி ஓரத்தில் வைத்தால் வெட்டிய பக்கம் கிராஸ், இழுத்தால் நீளும், போர்வை அலை அலையாக நிற்கும்.

சாரல் வாத்தியார்

பிளாக்கை வெட்ட வேண்டாம், ஓர முக்கோணத்தைத் தனித்துணியில் வெட்டுங்கள். 9 இஞ்ச் பிளாக்கின் மூலைவிட்டம் 12¾ கிட்ட வரும். 14 இஞ்ச் சதுரம் வெட்டி இரண்டு மூலைவிட்டத்திலும் நறுக்கினால் நான்கு ஓர முக்கோணம், நீளப் பக்கத்தில் நேர் நூல் நிற்கும், இழுபடாது. நான்கு மூலைக்கு மட்டும் 7¼ இஞ்ச் சதுரம் இரண்டு, ஒரே மூலைவிட்டத்தில் நறுக்கவும். கிராஸ் பயம் இதோடு தீர்ந்தது. இருந்தாலும் முதல் போர்வை என்றால் நேராக அடுக்குவதற்கே என் ஓட்டு. ஓலை ஓரம்வரை அறுபடாமல் போகும்.

பாளைமகள்

நேராகவே அடுக்கப் போகிறேன். அகலத்தில் 6, நீளத்தில் 9, மொத்தம் 54 பிளாக். 54க்கு 81 இஞ்ச் வரும், சுற்றி 3 இஞ்ச் பார்டர் வைத்தால் 60க்கு 87. தேரிக்காடு தம்பி சொன்ன பத்தமடைப் பட்டைதான் பார்டர். நிறம் இப்படி வைத்திருக்கிறேன்: நெட்டோலை வெளிறிய மஞ்சளில் கோடு, குறுக்கோலை ரோஸில் கோடு, சந்து கரும்பச்சை. துணி எவ்வளவு வாங்க?

அம்பை டெய்லர்

44 இஞ்ச் பன்னா (அகலம்) துணியில் நெட்டோலைக்கு 2 மீட்டர், குறுக்கோலைக்கு 2 மீட்டர், சந்துக்கு முக்கால் மீட்டர். பார்டர் ஒரே துணியாக வைத்தால் அதற்கு முக்கால் மீட்டர், பட்டை பட்டையாகச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு மீட்டராகக் கணக்கு வையுங்கள். ஓரம் மடித்துக் கட்ட 2¼ இஞ்ச் பட்டை, இரட்டையாக மடித்து வைப்பது, அதற்கு அரை மீட்டர். ஓரம் நேராக இருப்பதால் கிராஸ் பட்டை வேண்டியதில்லை.

கடையநல்லூர்க்காரி

வாங்குவதற்கு முன்னால் மூன்று துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு போட்டோ எடுங்கள் அக்கா. மஞ்சளும் ரோஸும் அதில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் மேலே கீழே வித்தியாசம் போய்விடும், ரோஸை ஒரு படி அடர்த்தியாக எடுங்கள். சந்து எல்லாவற்றையும்விட இருட்டாக இருக்க வேண்டும், கரும்பச்சை சரியான தேர்வு.

வள்ளியூர் கைத்தையல்

நடுவில் பஞ்சு ஷீட் வைக்காதே தாயி. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறபோது வேண்டுமானால் தாங்கும், பாளையங்கோட்டையில் சித்திரையில் அதைக் கட்டில் பக்கமே கொண்டுபோக முடியாது. பழைய எட்டு முழ வேட்டி ஒன்று போதும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாக எடு. 64 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிக் கரையோடு கரை சேர்த்தால் 64க்கு 100 வரும். சேர்க்கிற இடத்தில் மடித்துத் தைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றை லேசாக ஏற்றித் தட்டையாகத் தை, மேடு தெரியாது. அடிப்பக்கத்துக்கு ஒரு பழைய நூல் சேலை. 91 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து நீளவாக்கில் சேர்த்துவிட்டு அகலத்தை 64க்குக் குறைத்துக்கொள், முந்தி மிஞ்சும், அதை பார்டர் பட்டைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டுத் தையலை எல்லா ஓலைக்கும் போடாதே. ஓலையின் நீளத்தில் நடுவாக ஒரு கோடு, அது மறைகிற இடத்தில் நிறுத்தி, நூலை உள்ளடுக்கு வழியாக ஓடவிட்டு, மறுபடி தெரிகிற இடத்தில் மேலே எடு. ஊசியும் ஓலை போகிற வழியிலேயே போகும். நடுவில் வேட்டி மட்டும் இருப்பதால் சந்தைத் தைக்காமல் விட்டாலும் எதுவும் நகராது.

பாளைமகள்

ஆச்சியிடம் கேட்டால் தாத்தா வேட்டியும் அவள் பழைய சுங்குடியும் கிடைக்கும். சுங்குடி சாயம் போகாதா என்று முதலில் வெள்ளைத் துணி வைத்துப் பார்க்கிறேன். டெய்லர் அண்ணாச்சி, கடைசியாக ஒன்று, இஸ்திரி போடும்போது தையல் மடிப்பை எந்தப் பக்கம் தள்ள?

அம்பை டெய்லர்

கட்டுக்குள்ளே பெரிய ஓலைத் துண்டின் பக்கம் தள்ளுங்கள். பட்டையாகச் சேர்த்ததில் சந்தின் பக்கம், அது இருட்டு நிறம், மடிப்பு வெளியே தெரியாது. கட்டுகளைச் சேர்க்கும்போது மேல்வரிசையில் வலப்பக்கம், கீழ்வரிசையில் இடப்பக்கம் தள்ளினால் நடுவில் இரண்டு மடிப்பும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், குண்டூசி ஒன்று குத்தினால் போதும். இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். முதல் நான்கு பிளாக் முடிந்ததும் அளந்து எழுதுங்கள், ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து 9½ வருகிறதா பார்த்துவிட்டு மீதித் துணியை வெட்டலாம்.